முதலில் அடிப்பக்கம், அப்புறம் கண்ணாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில் ஒரு தம்பி எழுதிய கடிதத்தைப் படித்தேன். தாத்தா வைத்திருந்த 1955ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் பிக்கப் தன் கைக்கு வந்திருக்கிறதாம். இந்த மாதம் கண்ணாடி எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டு, ஆண்டிறுதி போனஸ் வந்ததும் முன்பக்கத்தின் உயரத்தைக் குறைத்து இறக்கப்போகிறாராம். இந்த வேலையில் கைப்பழக்கம் உள்ள பெரியவர்கள் நம் சிங்கப்பூரில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். இருக்கிறோம் தம்பி. முட்டிவலியோடுதான், ஆனால் இருக்கிறோம்.

உங்கள் ஆசையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வரிசையில்தான் ஆட்சேபம். கண்ணாடியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆசிரியர் இடம் கொடுத்தால் முழுக்கப் போடட்டும், இல்லையென்றால் கத்தரித்துக்கொள்ளட்டும்.

நான் செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டி வளர்ந்தவன். 1971இல் வெள்ளைக்காரர்கள் படையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது அப்பாவின் வேலையும் போனது. நான் படிப்பை விட்டுவிட்டு ஜாலான் புசார் பக்கம் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) பட்டறையில் சேர்ந்தேன். அங்கே மோரிஸ், ஆஸ்டின், பெட்ஃபோர்டு என்று ஆங்கிலேய வண்டிகள்தான் வரும். அப்புறம் ஜப்பான் வண்டிகள் வந்தன. வண்டி வைத்திருக்கப் பத்தாண்டுக்கு உரிமை தரும் வாகன உரிமைச் சான்றிதழ் 1990இல் வந்தபிறகு, பத்தாண்டு முடிந்த வண்டியை வைத்துக்கொள்வதா, கழித்துக்கட்டுவதா என்று எல்லாரும் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பழைய வண்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகளுக்கு வேலை குறைந்ததில் வியப்பில்லை. உங்கள் தாத்தா அந்தக் கணக்கைப் போடாமல் விட்டது உங்கள் அதிர்ஷ்டம்.

சரி, வண்டிக்கு வருவோம். மோரிஸ் மைனர் கார் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைக் கொடுத்தவரும் அவர்தான். வேனும் பிக்கப்பும் 1953இல் வந்தன. காருக்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, உடலே எலும்பு. பிக்கப்புக்குத் தனிச் சேஸி உண்டு. கால் டன் வண்டி என்று சொல்வார்கள், அதாவது ஏறக்குறைய 250 கிலோ சுமை. உங்கள் வண்டியில் முன்கண்ணாடி நடுவில் ஒரு பட்டையோடு இரண்டு துண்டாக இருக்கும். 1956இல் மைனர் 1000 வந்தபோது அதை வளைந்த ஒற்றைக் கண்ணாடியாக மாற்றிவிட்டார்கள். இந்த ஒரு வருட வித்தியாசம் உங்களுக்கு எவ்வளவு பணம் மிச்சப்படுத்தப்போகிறது என்பதைக் கண்ணாடிக்கு வரும்போது சொல்கிறேன்.

முன்பக்கத்தை இறக்குவதற்கு முன் ஒரு கேள்வி. அது ஏற்கெனவே எவ்வளவு இறங்கியிருக்கிறது? எழுபது வருடமாக எடை தாங்கி நிற்கிற வண்டி. சமதரையில் நிறுத்தி, டயரில் காற்றைச் சரியாக அடித்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் மாற்றினால் அந்த அளவு மாறிவிடும். பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம் கூடுதலாகத் தொய்ந்திருக்கும். பின்னால் சுமை இல்லாத பிக்கப் எப்போதும் வாலைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் சுமைக்காகச் செய்யப்பட்டவை. அதனால் முன்பக்கம் இன்னும் ஓர் அங்குலம் இறங்கினாலே வண்டி மூக்கைத் தரையில் வைத்து மோப்பம் பிடிப்பது மாதிரி ஆகிவிடும். அதுதான் அழகு என்று சிலர் சொல்கிறார்கள். என் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் வண்டி உங்களுடையது.

மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் தேடாதீர்கள், இருக்காது. இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓர் இரும்புத் தண்டு தரைக்கு அடியில் ஓடும். அதுதான் டார்ஷன் பார். ஈரத்துணியைப் பிழியும்போது ஒரு கை பிடித்துக்கொள்ள மறுகை திருகுமே, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. பின்முனை சேஸியின் குறுக்குச் சட்டத்தில் அசையாமல் பிடிபட்டிருக்கும். முன்முனை, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் தாங்கும் கையோடு, அதாவது கீழ்க்கையோடு, சேர்ந்திருக்கும். சக்கரம் மேடு ஏறினால் தண்டு முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் முறுக்கு அவிழும். இரண்டு முனையிலும் பற்கள் வெட்டியிருப்பார்கள். பல்லை மாற்றிப் பொருத்தினால் வண்டியின் உயரம் மாறும். வெட்டவும் வேண்டாம், காய்ச்சி வளைக்கவும் வேண்டாம், புதிதாக ஒன்றும் வாங்கவும் வேண்டாம். இந்த வண்டியை வடிவமைத்தவர் இறக்கி ஏற்ற வழியும் வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். தனியாகச் செய்யாதீர்கள். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்டு முறுக்கில் நிற்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஜாக்கி இல்லாமல் மேல் இணைப்பைக் கழற்றினால் கீழ்க்கை பாய்ந்து இறங்கும். விரலோ முகமோ குறுக்கே இருந்தால் போச்சு. மேல் இணைப்பைக் கழற்றியபின் ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்குங்கள். கீழ்க்கை தொங்கி, தண்டின் முறுக்கு முழுக்க அவிழ்ந்துவிடும். இப்போது தண்டு எந்தப் பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று கிரீஸைத் துடைத்துவிட்டு இரண்டு முனையிலும் பெயிண்டால் மெல்லிய கோடு போட்டு வையுங்கள். உளியால் கீறாதீர்கள், கீறல் விழுந்த தண்டு அந்த இடத்திலேயே ஒடியலாம். பின்முனையில் உள்ள நெம்புகோலை உருவி, ஒரு பல் நகர்த்திப் பொருத்துங்கள். பல வண்டிகளில் அந்த நெம்புகோல் பிடிக்கிற தட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பல்லால் பெரிய மாற்றம், துளையால் சின்ன மாற்றம். முதலில் துளையை நகர்த்திப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய இறக்கம் அதிலேயே கிடைத்துவிடலாம். இரண்டு தண்டையும் ஒரே நேரத்தில் கழற்றி இடது வலது மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஒரே திசையில் இத்தனை வருடம் முறுக்கி வேலை செய்த இரும்பை எதிர்த்திசையில் முறுக்கினால் அது ஒடிந்துபோகும்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் அந்தக் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். நம் ஊர் ஈரத்தில் அடிச்சட்டத்துக்குள் சேற்றுத்தண்ணீர் தேங்கினால் உள்ளிருந்து அரிக்கும், வெளியில் கறுப்புப் பூச்சு பளபளவென்று இருக்கும். டார்ஷன் பாரின் முழு முறுக்கும் அந்தச் சட்டத்தின் மேல்தான் விழுகிறது. அங்கே பலம் இல்லையென்றால் இறக்குகிற பேச்சையே நிறுத்திவிட்டு வெல்டிங் வேலையைப் பாருங்கள். கண்ணாடியைக் கடைசியில் போடச் சொல்வதற்கு முதல் காரணமும் இதுதான். கிரைண்டரிலிருந்தும் வெல்டிங்கிலிருந்தும் பறக்கிற நெருப்புப்பொறி கண்ணாடியில் பட்டால் சூட்டோடு உருகி அதில் பதிந்துவிடும். எந்தத் துணி போட்டுத் தேய்த்தாலும் போகாது. இரவில் எதிரே வரும் விளக்கு வெளிச்சத்தில் முன்கண்ணாடி முழுக்கப் புள்ளி புள்ளியாக மின்னும். புதுக் கண்ணாடி போட்ட மறுவாரமே இந்தக் கோலத்தில் பட்டறைக்கு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது டிரனியன். மைனர் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். சக்கரத்தைத் தாங்கும் கிங் பின்னின் மேலும் கீழும் மரை உள்ள இரண்டு துண்டுகள். சக்கரம் திரும்புவது அந்த மரையில்தான். கிரீஸ் இல்லாமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் வண்டியைத் திருப்பும்போது கீழ்த்துண்டு கழன்று சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துவிடும். பெரும்பாலும் வாகன நிறுத்துமிடத்தில் மெல்லத் திருப்பும்போதுதான் இது நடக்கும். விரைவுச்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிரீஸ் அடிக்கும்போது வண்டியைத் தூக்கி, எடையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டு அடியுங்கள். எடையோடு நின்றால் கிரீஸ் போகவேண்டிய பக்கம் போகாது. மாற்றுவதென்றால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று பார்த்து வாங்குங்கள். மரையின் திசை வேறு. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. முன்பக்கத்தை எப்படியும் பிரிக்கப்போகிறீர்கள். அந்தச் செலவோடு டிரனியனையும் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் (வளையங்களையும்) மாற்றிவிடுங்கள். இறக்கிய வண்டியில் தேய்ந்த டிரனியன் இருப்பதைவிட, இறக்காத வண்டியில் புது டிரனியன் இருப்பது நூறு மடங்கு மேல்.

ஷாக் அப்சார்பரையும் பார்க்கவேண்டும். இப்போதைய வண்டிகளில் இருக்கிற குழாய் மாதிரி இருக்காது. எண்ணெய் நிரம்பிய ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு கை நீண்டிருக்கும். அந்தக் கையேதான் சக்கரத்தின் மேல்கை. எண்ணெய் குறைந்தால் வண்டி தூக்கிப் போடும், அது போகட்டும். கையின் அச்சு தேய்ந்தால் சக்கரமே ஆடும். சக்கரத்தின் தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இறக்கியபின் என்னென்ன மாறும்? சக்கரத்தின் தலை உள்ளே சாயும். இரண்டு சக்கரமும் முன்னால் எவ்வளவு குவிந்து நிற்கவேண்டும் என்ற கணக்கு கெட்டுப்போகும். மைனருக்கு அது ஓர் அங்குலத்தில் 32இல் 3 பங்கு, அதாவது இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அலைன்மெண்ட் கடையில் கம்ப்யூட்டரில் இந்த வண்டியின் பெயர் இருக்காது, அளவை நீங்களே எழுதிக்கொண்டு போகவேண்டும். மூக்கு மட்டும் இறங்கி வால் அப்படியே இருந்தால், திருப்பியபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது குறையும். ஓட்டும்போது ஏதோ வழுக்குகிற மாதிரி இருக்கும். அதனால், இறக்குவதென்றால் பின்பக்கத்தையும் கொஞ்சம் இறக்குங்கள் என்பேன். விளக்குகளின் வெளிச்சம் தரையில் அருகிலேயே விழும், திருப்பி அமைக்கவேண்டும். சக்கரத்தின் கை அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்க ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும். அதற்கும் கைக்கும் இடைவெளி குறைந்துவிட்டால் ஒவ்வொரு குழியிலும் டம் டம் என்று இடிக்கும். ஒரு விரல்கூட நுழையாத இடைவெளி என்றால் அளவுக்கு மிஞ்சி இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஓர் அங்குலம். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நம் ஊரில் வண்டி ஓடுவது நேர்ச்சாலையில் மட்டுமில்லையே. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் தளத்துக்குத் தளம் ஏறும் சரிவு, அது முடிகிற முகட்டில் வண்டியின் வயிறு உரசுகிற சத்தம், குடியிருப்புப் பேட்டைக்குள் நாலு அடிக்கு ஒரு வேகத்தடை. இதையெல்லாம் தாண்டித்தான் தீபாவளி நேரத்தில் சிராங்கூன் ரோட்டு விளக்குகளுக்குக் கீழே வண்டியை ஓட்டிக்காட்ட முடியும். அப்புறம், எந்த மாற்றத்துக்கு முன்கூட்டி அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. ஸ்பேனரைத் தொடும் முன் அதைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் எழுதிக் கேளுங்கள். "அண்ணே, செஞ்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்கிற நண்பர் ஒருவர் எல்லாருக்கும் உண்டு. ஆய்வு நிலையத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பும்போது அவர் கூட வரமாட்டார்.

லாரி வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய பெட்ஃபோர்டு போன்றவற்றில் முன்னாலும் நேர் அச்சும் பட்டை ஸ்பிரிங்கும்தான். அதை இறக்குவது வேறு பாடம். பட்டைகளில் ஒன்றிரண்டை உருவுவார்கள். உயரத்தை மாற்ற என்று சிலர் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டையைச் சொருகுவார்கள். பின் அச்சில் செய்கிற அந்தக் கட்டை வேலையை முன் அச்சில் செய்யவே கூடாது என்பேன். பிரேக் பிடிக்கும்போது வருகிற முறுக்கை அந்தக் கட்டை தாங்கவேண்டும், திருப்புகிற சக்கரமும் அதே அச்சில்தான். அப்படிக் கட்டை சொருகிய லாரி ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. அச்சை ஸ்பிரிங்கோடு பிடிக்கிற யூ போல்ட் தளர்ந்து, அச்சு ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருந்தது. எங்கே செய்தார்கள் என்று நான் கேட்கவும் இல்லை, ஓட்டுநர் சொல்லவும் இல்லை. தவுக்கே ஒன்றும் பேசாமல் அந்தக் கட்டைகளை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

இனி கண்ணாடி. அடிப்பக்க வேலை முடிந்து, வண்டி நாலு டயரிலும் தரையில் நின்று, பக்கத்துத் தெருவரை ஓடி வந்தபின்தான் கண்ணாடி. ஸ்டாண்டில் நிற்கிற வண்டியின் கேபின் கொஞ்சமாவது முறுக்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் கண்ணாடியை இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், மூலையிலிருந்து ஒரு விரிசல் ஓடினாலும் ஓடும். பாவம் கண்ணாடிக்காரர், அவர் தலையில்தான் பழி விழும்.

அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் முன்கண்ணாடியும் பதப்படுத்திய கண்ணாடிதான். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, இரண்டு பக்கமும் காற்றை வேகமாக அடித்துக் குளிரவைப்பார்கள். பலம் கூடும். உடைந்தால் கத்தி மாதிரித் துண்டாகாமல் கற்கண்டுத்தூளாக உதிரும். கதவுக்கு அது நல்லது. முன்கண்ணாடிக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஒரு சின்னக் கல் பட்டால் போதும், கண்ணாடி முழுக்க ஒரே நொடியில் வெள்ளையாகிவிடும், எதிரே ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் ஓட்டுநர்கள் கை முட்டியால் குத்தி ஓட்டை போட்டு, அதன் வழியே பார்த்து வண்டியை ஓரம் கட்டுவார்கள். மண்டாய் பக்கம் கல் லாரிகள் ஓடிய காலத்தில் முட்டியில் துணி சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தவர்கள் உண்டு.

ஆகவே முன்னால் லேமினேட் கண்ணாடிதான் போடவேண்டும். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் சிலந்தி வலைக் கீறலோடு அங்கேயே நிற்கும். எடுவார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. 1903இல் அவர் கையிலிருந்த குடுவை கீழே விழுந்து உடைந்தும் சிதறவில்லையாம். உள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து ஒட்டியிருந்ததாம். 1909இல் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்துப் படலம் நாளாக ஆக மஞ்சளாகும். இப்போதைய படலத்துக்கு அந்தக் கோளாறு இல்லை. நம் ஊர் ஈரத்தில் ஓரத்திலிருந்து பால் மாதிரி வெளுத்து வருவதுதான் தொல்லை. விளிம்பில் தண்ணீர் தேங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் அது வெகுநாள் தள்ளிப்போகும்.

எந்தக் கண்ணாடி எது என்று மூலையில் உள்ள முத்திரையைப் பார்த்தால் தெரியும். முத்திரை அழிந்திருந்தால், போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெயிலில் கொஞ்சம் சாய்வாக நின்று பாருங்கள். பதப்படுத்திய கண்ணாடியில் காற்று அடித்த இடங்கள் வரிசையாக நிழற்புள்ளிகளாகத் தெரியும். லேமினேட்டில் தெரியாது. என் பேத்திக்கு இதைக் காட்டினேன். அன்றிலிருந்து கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு வண்டியாகச் சோதித்துக்கொண்டு வருகிறாள்.

உங்கள் அதிர்ஷ்டம் என்று சொன்னேனே, அது இதுதான். இரண்டு துண்டு முன்கண்ணாடியும் தட்டையானது. தட்டை லேமினேட்டை இங்கேயே வெட்டி வாங்கலாம். ஒரு வருடம் தள்ளிப் பிறந்த வண்டியாக இருந்திருந்தால், வளைந்த கண்ணாடிக்கு வெளியூரில் சொல்லி வைத்து, மரப்பெட்டியில் கப்பலேற்றி, அது உடையாமல் வந்து சேரவேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருப்பீர்கள். வெட்டுவதைக் கூட நின்று பாருங்கள், பார்க்கவேண்டிய வேலை. மேல் தகட்டில் ஒரு கீறல், திருப்பிப் போட்டு அதே கோட்டுக்கு நேராக அடியில் ஒரு கீறல். இரண்டும் விண்டுவிடும், நடுப்படலம் மட்டும் விடாது. அந்தக் கோட்டில் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தீ வைப்பார்கள். நீலச் சுடர் கோட்டோடு ஓடி அணையும். படலம் இளகும் அந்தச் சில நொடிக்குள் இழுத்துப் பிடித்துப் பிளேடை உள்ளே விட்டு அறுத்துவிடவேண்டும். அப்புறம் விளிம்பை பெல்ட்டில் தேய்த்து மழுக்குவார்கள். மழுக்காத விளிம்பில் இருக்கிற மயிரிழை வெட்டுத்தான் பின்னால் விரிசலாக ஓடும்.

கதவுக் கண்ணாடி அப்படி இல்லை. பதப்படுத்திய கண்ணாடியைப் பதப்படுத்தியபின் வெட்ட முடியாது. கத்தி வைத்தால் மொத்தமும் உதிரும். முதலில் வெட்டி, துளை போட்டு, அப்புறம்தான் உலைக்கு அனுப்புவார்கள். "இதே அளவில் உடனே வெட்டித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் இருப்பது லேமினேட்டா, வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடியா என்று பாருங்கள். சாதாரணக் கண்ணாடி கதவில் இருந்தால், மோதலில் அது உங்கள் கழுத்துக்கு நேராக நிற்கிறது. வாகனத்துக்கான முத்திரை இல்லாத கண்ணாடியை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. பழைய கண்ணாடியின் கனத்தையும் வெர்னியர் அளவுகோலில் அளந்து சொல்லுங்கள். ரப்பரின் பள்ளம் அந்தக் கனத்துக்குத்தான் வெட்டப்பட்டது. கனம் கூடினால் ரப்பர் உட்காராது, குறைந்தால் மழைத்தண்ணீர் மடியில் சொட்டும்.

கதவில் பாதி வேலை கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது. கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் கம்பளி ஒட்டிய பட்டை இருக்கும். ஈரத்தில் ஊறி, தூசி பிடித்து, கண்ணாடியில் கோடு போடுவது அதுதான். புதுப் பட்டை போடாமல் புதுக் கண்ணாடி போடாதீர்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகள் அடைந்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள்.

முன்கண்ணாடியைப் பொருத்த இரண்டு பேர் வேண்டும். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் உதட்டுப் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிலும் ஓட்டி, இரண்டு முனையும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வருகிற மாதிரி விடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துச் சட்டத்தில் தடவுங்கள். ஒருவர் வெளியே உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றைச் சட்டத்துக்குச் சரிசமமாக இழுக்கவேண்டும். கயிறு வர வர ரப்பரின் உதடு சட்டத்தைத் தாண்டி உள்ளே குதிக்கும். பிளக், பிளக் என்று ஒரு சத்தம் வரும். எங்காவது நின்றுவிட்டால் இழுக்கிறவர் பலத்தைக் கூட்டக்கூடாது. வெளியே இருக்கிறவர்தான் அந்த இடத்தில் தட்டவேண்டும். நானும் தவுக்கேயும் இந்த வேலை செய்யும்போது பேச்சே இருக்காது. எனக்கு அவர் மொழி அரைகுறை, அவருக்கு என் மொழி அறவே இல்லை. கயிற்றின் இழுப்பில் எல்லாம் புரிந்தது.

ஒழுகினால் அதற்கான பசையை மட்டும் பயன்படுத்துங்கள். குளியலறைக்குப் போடுகிற, புளித்த காடி வாசனை அடிக்கிற சிலிக்கோனை வேண்டவே வேண்டாம். அந்த அமிலம் சட்டத்தைத் துருவேற்றும், லேமினேட் படலத்தின் ஓரத்தையும் கெடுக்கும். ரப்பர் மாட்டும் முன் சட்டத்தில் துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். கண்ணாடியில் வெயில் தடுக்கும் கறுப்புப் படலம் ஒட்ட ஆசைப்பட்டால், முன்கண்ணாடியும் முன்கதவுக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விடவேண்டும் என்பது இங்குள்ள விதி, பின்கண்ணாடிக்கு 25. இவ்வளவு சின்ன கேபினில் அந்தப் படலம் எதற்கு என்பது என் கேள்வி. கதவு மூலையில் உள்ள முக்கோணக் கண்ணாடியைத் திறந்துவிட்டால் காற்று நேராக முகத்தில் அடிக்கும், ஏர்கண்டிஷன் தோற்றது.

பாகங்களுக்கு எங்கே போவது என்றும் கேட்டிருந்தார். சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டபின் குவியலுக்குள் கை விட்டுத் தேடுகிற சுகம் போய்விட்டது. ஆனால் மைனருக்கு இங்கிலாந்தில் இன்றைக்கும் புதுப் பாகங்கள் செய்கிறார்கள். டிரனியன், ரப்பர், கம்பளிப் பட்டை எல்லாம் கிடைக்கும். தட்டைக் கண்ணாடி வெட்டவும் அலைன்மெண்ட் பார்க்கவும் சின் மிங், காக்கி புக்கிட் பட்டறைகளில் விசாரிக்கலாம். பழைய கண்ணாடிகளை உடைந்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அச்சு எடுக்க அவை வேண்டும். துண்டுகளைக் கையுறை போட்டு எடுத்து, அட்டையில் ஒட்டி வையுங்கள்.

என் தொலைபேசி எண்ணை ஆசிரியர் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தம்பி கேட்டால் தரலாம். வண்டியைக் கொண்டுவர வேண்டாம், நானே வந்து பார்க்கிறேன். சனிக்கிழமை பிற்பகல் எனக்கு வசதி. காலையில் பேத்தியை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப்போகவேண்டும். ஸ்டாண்டு நான்கு, தடித்த அட்டை ஒன்று, கிரீஸ் துப்பாக்கி ஒன்று தயாராக இருக்கட்டும். மற்ற சாமான் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாகனப் பழுதுபார்ப்பாளர்,
ஈசூன்